ஆசியர் மீதான வெறுப்பை எதிர்கொள்வது எப்படி: அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1982 ஜூன் மாதம் டெட்ராய்ட் பக்கத்தில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர் கார் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் ஊர் முழுக்க இருந்த நேரம் அது. சின் ஜப்பானியர் அல்ல. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த நாலாம் நாள், 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனாவின் மெசா நகரில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் பங்க் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பழிதீர்க்க நினைத்தது முஸ்லிம்களை. சோதி சீக்கியர். 2017 பிப்ரவரி 22 அன்று கான்சஸ் மாநிலம் ஒலேத்தேயில் தெலுங்குப் பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவைக் கொன்றவன், இரண்டு ஈரானியர்களைச் சுட்டுவிட்டதாகத்தான் பிறகு சொன்னான்.

அடிக்க வருபவன் யாரிடமும் ஊர், பேர் விசாரிப்பதில்லை. 2020இல் கொரோனாவைச் சொல்லிச் சீனர்கள் மீது வசை விழுந்தபோது ‘நாம சைனீஸ் இல்லையே’ என்று நம்மவர்கள் ஒதுங்கியதும், 2001க்குப் பிறகு ‘நாங்க முஸ்லிம் இல்லை’ என்று பலர் சொல்லிக்கொண்டதும் யாரையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருந்தாலும் அதற்கு அர்த்தம், ‘அவனை அடி, என்னை விடு’ என்பதுதான்.

இங்கே சொல்லப்படும் கெடுக்களும் அலுவலகங்களும் அமெரிக்காவுக்கு உரியவை. சம்பவம் நடக்கும் நிமிடத்தில் தொடங்கி ஆவணம், புகார், நீதிமன்றம், அதன் பிறகு மற்ற சிறுபான்மைச் சமூகங்களோடு சேர்ந்து செய்யும் வேலை என்று இந்த வழிகாட்டி போகிறது. படிக்கத்தான் இந்த வரிசை. வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். ஒன்றும் நடக்காத மாதங்களில் பிடித்துவைத்த அறிமுகங்கள்தான் ஏதாவது நடக்கும் அன்று கைகொடுக்கும்.

படி 1: சம்பவ இடத்தில்

ஹாலபேக் என்ற பெயரில் 2005இல் தொடங்கி இப்போது ரைட் டு பி என்று இயங்கும் அமைப்பு, பக்கத்தில் நிற்பவர் செய்யக்கூடிய ஐந்து காரியங்களைச் சொல்லிக்கொடுக்கிறது: கவனத்தைத் திருப்புவது, வேறொருவரைத் துணைக்கு அழைப்பது, பதிவுசெய்வது, முடிந்த பிறகு விசாரிப்பது, நேரடியாகத் தட்டிக்கேட்பது. நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஐந்தாவதுதான் முதலில் தோன்றும். அதைக் கடைசிக்கே தள்ளிவையுங்கள்.

பெரும்பாலும் பலிப்பது முதலாவது. ரயிலில் ஒருவன் ஒரு கொரியப் பாட்டியைப் பார்த்துக் கத்துகிறான் என்றால், நேராகப் பாட்டியிடம் போங்கள், அவனிடம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த ட்ரெயின் டவுன்டவுன் போகுமா?’ என்று கேளுங்கள். கேள்வி எதுவானாலும் பரவாயில்லை. அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், அவன் பேச்சுக்குப் பதிலும் சொல்லாதீர்கள். பார்வையாளர் இல்லாதபோது கத்துகிறவனுக்குச் சீக்கிரம் சுருதி இறங்கிவிடும். முடிந்தால் அடுத்த பெட்டிக்கோ டிரைவர் பக்கமோ பாட்டியோடு நகர்ந்துவிடுங்கள்.

துணைக்கு ஆள் அழைக்கும்போது ‘யாராவது வாங்களேன்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். ஒருவரைக் குறிப்பிட்டு, ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘நீலச் சட்டை போட்டிருக்கீங்களே, நீங்க போய் டிரைவர்கிட்ட சொல்லுங்க.’

வேறொருவர் ஏற்கெனவே உதவிக்கொண்டிருந்தால் மட்டும் வீடியோ எடுங்கள். எல்லோரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு பாட்டி தனியாக நடுங்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. தள்ளி நின்று ஃபோனைப் படுக்கையாகப் பிடியுங்கள். தெருப் பலகை, கடைப் பெயர், பெட்டி எண் என்று இடத்தைக் காட்டும் ஒன்றைச் சில விநாடிகள் ஆடாமல் எடுங்கள். தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லுங்கள். எடுத்ததை இணையத்தில் போடாதீர்கள். அது பாதிக்கப்பட்டவருடைய சொத்து. அவரிடம் அனுப்பிவிட்டு, என்ன செய்வது என்பதை அவரே தீர்மானிக்க விடுங்கள்.

ஆயுதமோ காயமோ இருந்தால் உடனே 911. இல்லையென்றால் போலீஸைக் கூப்பிடட்டுமா என்று பாதிக்கப்பட்டவரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த சுரேஷ்பாய் படேல் மகன் வீட்டருகே காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பர் ஒருவர் சுற்றுகிறார் என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் ஃபோன் செய்தார். வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்துச் சாய்த்தார். கழுத்து எலும்பு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. வழக்கில் அந்த அதிகாரிக்குத் தண்டனை இல்லை. கறுப்பர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண் நம் வீட்டுப் பெரியவரையும் அதே கண்ணால்தான் பார்க்கிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்றால் சட்டைப்பையில் ஒரு அட்டை வையுங்கள்: பெயர், தங்கியிருக்கும் முகவரி, இரண்டு ஃபோன் எண்கள், சாப்பிடும் மருந்துகள், ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் பேசுவேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ‘டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்’ என்று சொல்லப் பழக்குங்கள். தமிழ் என்று சொன்னால் கேட்பவருக்குப் பிடிபடாது. யாராவது நிறுத்தினால் பையில் கைவிடாமல், கைகள் தெரியும்படி நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனால் பேசியே ஆக வேண்டும்.

முடிந்த பிறகு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ‘நான் பார்த்தேன். கூட வரட்டுமா?’ என்று கேளுங்கள். சாட்சியாக உங்கள் எண்ணைக் கொடுங்கள். நேரடியாகத் தட்டிக்கேட்பதாக இருந்தால் ஒரே வாக்கியம், ‘அவங்களை விடுங்க’ என்று. சொல்லிவிட்டு உடனே பாதிக்கப்பட்டவர் பக்கம் திரும்பிவிடுங்கள். வாக்குவாதம் ஆரம்பித்தால் அடுத்த அடி பாதிக்கப்பட்டவர் மேல் விழலாம். இன்னொன்று, கத்துகிறவர் கறுப்பராகவோ லத்தீனோவாகவோ இருந்தால் அவருடைய இனத்தைச் சொல்லித் திட்டும் ஆள் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவரையும் அதே நிமிடத்தில் நிறுத்துங்கள்.

படி 2: முதல் 3 நாட்கள்

வெறுப்புக் குற்றம் வேறு, வெறுப்புச் சம்பவம் வேறு. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தால் வெறும் வசைச்சொல் பெரும்பாலும் குற்றமாகாது. அடி, கொலைமிரட்டல், சொத்துச் சேதம் போன்ற ஒரு குற்றம் இருந்து, இனமோ மதமோ அதற்குக் காரணம் என்று காட்ட முடிந்தால்தான் வெறுப்புக் குற்றம். ஆசிய அமெரிக்கர், பசிபிக் தீவினர் மீதான வெறுப்பைப் பதிவுசெய்யும் ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் அமைப்புக்கு 2020 மார்ச் 19 முதல் 2021 பிப்ரவரி 28 வரை வந்த 3,795 புகார்களில் சுமார் 68 சதவீதம் வாய்ச்சொல், சுமார் 20 சதவீதம் ஒதுக்கிவைத்தல், உடல்ரீதியான தாக்குதல் சுமார் 11 சதவீதம். அதாவது பெரும்பகுதி போலீஸ் கையில் எடுக்காத வகை. இருந்தும் பதிவாக வேண்டும்.

குற்றமாக நிற்க வேண்டுமானால் காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் முக்கால்வாசி எதிராளி சொன்ன சொல்லில்தான் இருக்கிறது. அதனால் ‘கேவலமாகத் திட்டினார்’ என்று எழுதாதீர்கள். கூசினாலும் அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். அடிக்கு முன்பு சொன்னாரா, பின்பா, எத்தனை தடவை, பக்கத்தில் வேறு யார் இருந்தும் உங்களை மட்டும் குறிவைத்தாரா என்பதையும் எழுதுங்கள். அன்று இரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் வீட்டார் நாலு பேர் கேட்க நாலு தடவை சொன்ன பிறகு நினைவு தானாகவே கதையாகிவிடும்.

காயத்தை அன்றே படம் எடுங்கள். மூன்றாம் நாளும் எடுங்கள், கன்றிய இடம் அப்போதுதான் நன்றாகக் கறுத்துத் தெரியும். சின்ன அடியானாலும் டாக்டரிடம் போய், எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பில் ‘விழுந்துவிட்டார்’ என்று இருந்தால் வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது. கிழிந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். எதிரே உள்ள கடையின் கேமரா பதிவு பல இடங்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும். கடைக்காரர் உங்களிடம் தரமாட்டேன் என்றாலும், ‘போலீஸ் வரும்வரை அழிக்காதீர்கள்’ என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

போலீஸில் சொல்லும்போது, இது இன வெறுப்பால் நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லி, அறிக்கையில் அப்படியே குறிக்கச் சொல்லுங்கள். அறிக்கை எண், அதிகாரியின் பெயர், பேட்ஜ் எண் மூன்றையும் வாங்குங்கள். மொழிபெயர்க்கக் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை தன் அம்மாவைத் திட்டிய சொல்லைத் திருப்பிச் சொல்லாது, நாசூக்காக விழுங்கிவிடும். வழக்கும் அங்கேயே விழுந்துவிடும்.

படி 3: எங்கே, எத்தனை நாளுக்குள்

இந்தக் கெடுக்கள் தெரியாமல் நல்ல வழக்குகள் வீணாகின்றன.

வேலையிடத்தில் நடந்தால் இஇஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள், மாநில அல்லது உள்ளூர் ஆணையம் உள்ள இடங்களில் 300 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். குறைந்தது 15 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன கடை என்றால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், பல மாநிலங்களில் வரம்பு இன்னும் குறைவு. அடிக்கடி நடக்கும் தவறு ஹெச்ஆரிடம் புகார் கொடுத்துவிட்டு, அவர்கள் விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பது. ஹெச்ஆர் விசாரணைக்காக 180 நாள் கெடு நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும்.

வாடகை வீடு, வீட்டு விற்பனை தொடர்பானது என்றால் ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையில் ஒரு வருடத்துக்குள். பள்ளி, கல்லூரி என்றால் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் 180 நாட்களுக்குள். 2025இல் அந்த அலுவலகத்தில் பெரிய ஆட்குறைப்பு நடந்தது, ஆகவே மாநில மனித உரிமை ஆணையத்திலும் சேர்த்தே போடுங்கள். கலிபோர்னியாவில் 2023 மே மாதம் தொடங்கிய சிஏ வெர்சஸ் ஹேட் தொலைபேசிச் சேவையைப் பெயர் சொல்லாமலும் அழைக்கலாம். போலீஸ் வேண்டாம் என்பவர்களுக்கும் அங்கே வழி உண்டு.

விசாவில் இருப்பவர்கள் வாயே திறப்பதில்லை. குற்றத்துக்கு ஆளானவர் புகார் கொடுப்பதால் மட்டும் விசா போய்விடாது. ஆனாலும் கையில் ஆவணம் இல்லாதவர்கள் குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிட்டே போலீஸுக்குப் போகட்டும். கடுமையான தாக்குதல் போன்ற குறிப்பிட்ட குற்றங்களுக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுபவர்களுக்கு யு விசா என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 10,000தான் என்பதால் காத்திருப்பு பல வருடம். போலீஸோ அரசு வக்கீலோ கையெழுத்திட்ட சான்றும் அதற்கு வேண்டும். கையெழுத்தான 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச்சேராவிட்டால் அந்தச் சான்று செல்லாது.

எஃப்பிஐ வெளியிடும் எண்களைப் பார்த்து ‘நம்ம ஊர்ல ஒண்ணும் இல்லையே’ என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளூர் போலீஸ் தரும் கணக்கின் தொகுப்பு அது. கொடுப்பது அவர்கள் விருப்பம். சுழியம் என்று எழுதி அனுப்பும் ஊர்கள் ஏராளம்.

படி 4: வழக்கு என்றால் கடைசி நாள் வரை

சின் வழக்கில் நடந்ததை ஒவ்வொரு அமைப்பும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1983 மார்ச்சில் கொலையாளிகள் இருவருக்கும் கிடைத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும், கூட நீதிமன்றச் செலவும். தண்டனை அறிவித்த அன்று அரசு வக்கீல் நீதிமன்றத்தில் இல்லை. தாயாருக்கும் தகவல் இல்லை. அதன் பிறகுதான் சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அமெரிக்கன் சிட்டிசன்ஸ் ஃபார் ஜஸ்டிஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பினத் தலைவர்களும் அமைப்புகளும் துணைநின்றன. மத்திய அரசின் குடிமை உரிமை வழக்கும் வந்தது. 1984இல் முதல் குற்றவாளிக்கு 25 வருடம் கிடைத்து, மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1987 மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

ஆகவே வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்தா தேதியையும் நீதிமன்ற இணையதளத்தில் முந்தின மாலை சரிபாருங்கள். தேதி கடைசி நிமிடத்தில் மாறும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குறைந்தது 6 பேர், இரண்டு மூன்று சமூகங்களிலிருந்து, போய் அமைதியாக உட்கார்ந்தால் போதும். கோஷம் எழுதிய டீ-ஷர்ட் வேண்டாம். ஜூரியைத் தூண்டுவதாக எதிர்த்தரப்பு சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அரசு வக்கீல் அலுவலகத்தில் பாதிக்கப்பட்டோர் தொடர்பாளர் என்று ஒருவர் இருப்பார். குடும்பத்தின் சார்பில் வாரம் ஒரு தடவை அவரை அழைக்க ஒரே ஆளை நியமியுங்கள். ஐந்து சங்கத் தலைவர்கள் ஆளுக்கொரு ஃபோன் போட்டால் அவர் எடுப்பதையே நிறுத்திவிடுவார்.

படி 5: முதலில் நம் முற்றம்

மற்ற சமூகங்களோடு கைகோக்கப் போகுமுன் நம் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். ‘சப்பமூக்கு’, ‘சிங்கி’, ‘காப்பிலி’, எந்தக் கூச்சமும் இல்லாமல் ‘அந்த கருப்பனுங்க’. கறுப்பர் நிறைய வாழும் பகுதியில் வீடு வாங்காதே என்ற அறிவுரை. மருமகன் கறுப்பர் என்றால் சொந்தக்காரர்களிடம் மறைப்பது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு வாசலில் ஒற்றுமை பேனர் கட்டினால் அவர்களுக்குத் தெரியாமல் போகாது. நம்மோடு வேலை பார்ப்பவர்கள், நம் கடையில் வாங்குபவர்கள் அவர்கள். நம் பார்வையை நம்மைவிட நன்றாகவே படித்துவைத்திருக்கிறார்கள்.

குழுவில் வைத்துத் திருத்தினால் பெரியவர் முறுக்கிக்கொள்வார். தனியாக, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினால் வேலைக்காகும். உதாரணத்துக்கு: ‘அங்கிள், நீங்க தப்பா நினைச்சு அனுப்பலைன்னு தெரியும். ஆனா அந்த வீடியோல வர்ற வார்த்தை, நம்ம பசங்கள ஸ்கூல்ல கிண்டல் பண்ணிக் கூப்பிடுற பேர் மாதிரிதான். குரூப்ல இருந்து எடுத்துடுங்களேன், ப்ளீஸ்.’ எடுக்கவில்லை என்றால் அட்மின் எடுக்கட்டும். மூன்றாம் தடவையும் வந்தால் குழுவிலிருந்தே வெளியேற்றுங்கள். இந்த விதியை முன்கூட்டியே எழுதிப் பின் செய்துவைத்தால் யாருக்கும் தனிப்பட்ட மனக்கசப்பு வராது.

சாதியையும் இங்கேயே பேச வேண்டும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியாவில் அதே நோக்கத்தோடு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அந்த அக்டோபரில் நிராகரித்தார். அந்த விவாதத்தில் எந்த இந்திய அமைப்பு எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கறுப்பின, லத்தீனோ அமைப்புகள் கவனித்தன. உங்கள் சங்க விதிகளில் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் இனம், மதம், பாலினத்தோடு சாதி என்ற சொல்லும் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த பொதுக்குழுவில் சேர்க்கலாம். பைலாவில் ஒரே ஒரு வரித் திருத்தம். அதற்கு எழும் எதிர்ப்பைப் பார்த்தால் எவ்வளவு வேலை பாக்கி என்பது தெரிந்துவிடும்.

படி 6: உறவு கட்டுவது

எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு.

1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பிலிப்பினோக்கள் நிறுத்தினால் மெக்சிகோக்காரர்களையும், மெக்சிகோக்காரர்கள் நிறுத்தினால் பிலிப்பினோக்களையும் கூட்டிவந்து வேலையை ஓட்டுவது முதலாளிகளின் வழக்கம். இம்முறை எட்டே நாளில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் தலைவர் சீசர் சாவேசின் சங்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டு தரப்பும் பிலிப்பினோ சமூகக் கூடத்தில் ஒரே சமையலறையில் சாப்பிட்டார்கள். ஐந்து வருடம் இழுத்து, 1970இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பேரையும் மோதவிட்டு லாபம் பார்ப்பவர் யார் என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது, கூடவே தினமும் சேர்ந்து செய்ய வேலையும் இருந்தது.

எதிர் உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே 1986இலேயே கறுப்பர்–கொரியர் கூட்டணி ஒன்று தொடங்கப்பட்டது. 1991 மார்ச்சில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி லட்டாஷா ஹார்லின்ஸை, ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் தகராறில், கொரியக் கடைக்காரப் பெண் பின்தலையில் சுட்டுக் கொன்றார். சிறைத்தண்டனை இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வழக்கில் போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றி எரிந்தபோது 2,000க்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் சேதமடைந்தன. அந்த ஆண்டு இறுதியில் கூட்டணியே கலைந்துபோனது. அமைப்புகளின் பிரதிநிதிகள் மாதாமாதம் சந்தித்துக்கொண்டார்கள். கவுன்டருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றவர்களோ சந்தித்துக்கொள்ளவில்லை. தலைவர்கள் கைகுலுக்கும் ஃபோட்டோவோடு நிற்கும் எந்த ஏற்பாடும் முதல் நெருப்பிலேயே போய்விடும் என்பது எங்கள் கணிப்பு.

ஆகவே செய்முறை இப்படி. உங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் இருக்கும் கறுப்பினத் தேவாலயம், மசூதி, குருத்துவாரா, லத்தீனோத் தொழிலாளர் மையம், சீன முதியோர் மையம் என்று ஐந்தாறு இடங்களைப் பட்டியலிடுங்கள். மூன்று மாதம் அவர்களுடைய பொதுக் கூட்டங்களுக்கு இரண்டு இரண்டு பேராகப் போங்கள். எதுவும் கேட்காதீர்கள், மைக் பிடிக்காதீர்கள். நாற்காலி அடுக்குங்கள். நாலாம் மாதம் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்யலாமா என்று கேளுங்கள். பெரியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, வரிப் படிவம் நிரப்ப உதவுவது, உணவுப் பொட்டலம் கொடுப்பது எதுவானாலும் சரி. 2021 பிப்ரவரியில் ஓக்லாந்து சைனாடவுனில் முதியவர்களோடு துணைக்கு நடந்துபோகும் தொண்டர் அமைப்பைத் தொடங்கியவர் ஒரு லத்தீனோ இளைஞர். மாநாடு எதுவும் கூட்டாமல் தெருவில் இறங்கி நடந்துதான் அது ஆரம்பித்தது.

கூட்டுக் குழுவுக்கு 8 முதல் 12 பேர் போதும். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் இருவர், அதில் ஒருவர் முப்பது வயதுக்குள். இடம் பொதுவானதாக, பொது நூலக அறை மாதிரி இருக்கட்டும். கோவிலில் வைத்தால் சிலர் செருப்பு கழற்றத் தயங்குவார்கள், சிலர் உள்ளேயே வரமாட்டார்கள். சாப்பாட்டில் சைவம், ஹலால், மாட்டிறைச்சி இல்லாதது, பன்றி இல்லாதது என்று தனித்தனியாக எழுதி ஒட்டுங்கள். கரண்டியும் தனித்தனி. ‘எல்லாருக்கும் பீட்சா’ என்று ஆர்டர் செய்து பெப்பரோனியும் சீஸும் ஒரே தட்டில் வந்ததால் வெறும் வயிற்றோடு திரும்பியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை.

மொழிபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்காதது அடுத்த பெரிய சொதப்பல். ஒருவர் பேசி முடித்ததும் மொழிபெயர்ப்பது என்றால் ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரமாகும். தலைப்புகளைப் பாதியாக்குங்கள். மூன்று நாலு பேருக்கு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுப்பாகச் சொல்லிவிடலாம். அதற்கு மேல் என்றால் ஹெட்செட்டும், 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பேச இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் வேண்டும். அவர்களுக்குக் காசு கொடுங்கள். இலவசமாக வரும் இளைஞர் மூன்றாம் கூட்டத்தோடு காணாமல் போவார்.

படி 7: ஒரு பக்க ஒப்பந்தம்

நெருக்கடியில் எழுத முடியாததை அமைதியான நாளில் எழுதிவையுங்கள். ஒரு சமூகத்துக்கு அடி விழுந்தால் 24 மணி நேரத்தில் யார் யாரை அழைப்பது. பத்திரிகைக்கு யார் பேசுவது. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஃபோட்டோவோ பெயரோ போடக்கூடாது. கண்டன அறிக்கையை யார் பார்த்து ஒப்புதல் தருவது.

அறிக்கை 120 சொல்லைத் தாண்ட வேண்டாம். மசூதி தாக்கப்பட்டால் மசூதி, முஸ்லிம்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘எல்லா வகை வெறுப்பையும் கண்டிக்கிறோம்’ என்ற வாக்கியம் யாருக்கும் போய்ச்சேராது. நம் சமூகம் பட்ட பாட்டை இரண்டாம் வரியில் நுழைப்பதும் வேண்டாம், அது இழவு வீட்டில் சொந்தக் கதை பேசுவது. அறிக்கையைவிட முக்கியம், அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அந்த மசூதி வாசலில் போய் நிற்பது. ஜப்பானிய அமெரிக்கர்கள் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் அதிபரின் 9066ஆம் எண் ஆணையால் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்ட சமூகம் அது. 2001க்குப் பிறகு முஸ்லிம்கள் குறிவைக்கப்பட்டபோது முதலில் குரல் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 1969 முதல் மன்ஸனார் முகாமுக்கு ஆண்டுதோறும் நடக்கும் யாத்திரையில் இன்று முஸ்லிம் இளைஞர்களும் கலந்துகொள்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கருத்து வேறுபாடுகளுக்கும் ஒரு பத்தி வேண்டும். அதிகம் உரசுவது போலீஸ் விஷயம். 2021இல் சைனாடவுன் கடைக்காரர்கள் பலர் கூடுதல் ரோந்து கேட்டார்கள், கறுப்பின அமைப்புகள் பலவற்றுக்கு அதுவே அச்சம். இதை ஒரு கூட்டத்தில் தீர்த்துவிடலாம் என்று இறங்காதீர்கள். இந்த விஷயத்தில் அவரவர் பெயரில் அவரவர் பேசலாம், கூட்டமைப்பின் பெயரில் பேசக்கூடாது என்று எழுதுங்கள். தெருவிளக்கு, துணைக்கு ஆள், மொழிபெயர்ப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றில் சேர்ந்து வேலை செய்யலாம்.

குற்றம் செய்தவர் நம் ஆளாகவே இருந்தால்? நியூயார்க்கில் 2014இல் அக்காய் குர்லி என்ற ஆயுதமற்ற கறுப்பினத்தவர் சீன அமெரிக்கப் போலீஸ்காரர் பீட்டர் லியாங்கின் குண்டில் இறந்தார். 2016இல் லியாங் குற்றவாளி என்று தீர்ப்பானதும் வெள்ளைப் போலீஸ்காரர்கள் தப்பிக்கும்போது இவர் மட்டும் பலிகடாவா என்று ஆயிரக்கணக்கான சீன அமெரிக்கர்கள் ஊர்வலம் போனார்கள். சிஏஏஏவி என்ற ஆசிய அமைப்போ குர்லி குடும்பத்தின் பக்கம் நின்று, சொந்தச் சமூகத்தாரிடமே வசை வாங்கியது. இந்தக் கேள்விக்கு ‘பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம்’ என்ற பதிலை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. அன்றைக்கு யோசித்தால் இரத்த பாசம்தான் பேசும்.

படி 8: பள்ளிக்கூடம்

சுருக்கமாக: இல்லினாய் மாநிலம் 2021இல் அரசுப் பள்ளிகளில் ஆசிய அமெரிக்க வரலாற்றைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம். நியூஜெர்சி 2022 ஜனவரியில் பின்தொடர்ந்தது. உங்கள் மாநிலத்தில் இல்லையென்றால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாம். பல இடங்களில் ஆளுக்கு 2 அல்லது 3 நிமிடம்தான். ஒரே ஆள் எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தால் மணி அடித்துவிடும். ஐந்து பேர், ஐந்து சமூகங்கள், ஆளுக்கு ஒரே கோரிக்கை, முதலில் ஒரு மாணவர். கறுப்பின வரலாற்றுப் பாடத்தைக் குறைத்து அந்த இடத்தில் ஆசிய வரலாற்றைப் புகுத்தும் திட்டம் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரித்து மோதவிடும் பழைய வேலைதான் அது.

பணமும் ஆளும்

கூட்டமைப்புகள் கொள்கைச் சண்டையில் உடைவதைவிடக் கணக்குத் தகராறிலும் களைப்பிலும்தான் அதிகம் உடைகின்றன. மானியம் வந்தால் பெரும்பாலும் ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த, பதிவுபெற்ற அமைப்பின் கணக்கில்தான் விழும். அநேகமாக அது நம்முடையதாகவோ சீனர்களுடையதாகவோ இருக்கும். நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம், யாருக்கு எவ்வளவு என்பதை விண்ணப்பம் எழுதும்போதே தீர்மானியுங்கள், பணம் வந்த பிறகு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கை எல்லோருக்கும் அனுப்புங்கள். தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடுத்த சமூகத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வேலை மாறி டல்லாஸுக்குப் போய்விட்டால், மசூதிச் செயலாளரின் ஃபோன் எண்ணும் அவரோடு போய்விடும். தொடர்புப் பட்டியலைப் பகிர்ந்த கோப்பில் வைத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லா எண்களுக்கும் ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள்.